பெயர் சொல்லிக் கூப்பிட்டவள்

ஏவன்டேலில் யோகராணி என்று சொன்னால் உடனே ஆருக்கும் பிடிபடாது. "ஆர், அந்தப் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவளோ?" என்று ஒரு கேள்வி வரும், கூடவே ஒரு கள்ளச் சிரிப்பும் வரும். கூப்பிட்டது உண்மைதான். வீட்டுக்குள் காதோடு காதாகக் கூப்பிட்டிருந்தால் ஆருக்குத் தெரியப்போகிறது? பட்டப்பகலில், கறுப்பு மணல்மேட்டின் உச்சியில் ஏறி நின்று, தொண்டை கிழியக் கூப்பிட்டாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எப்படிப்பட்ட மனுஷி கூப்பிட்டாள், ஏன் கூப்பிட்டாள் என்று தெரிந்த பிறகு சிரித்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

யோகராணிக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கொக்குவிலில் பிறந்து, கொழும்பில் குடித்தனம் நடத்தி, எண்பத்து மூன்று கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்த பிறகு புருஷனோடும் மகள் நிரோஜியோடும் ஒக்லாந்துக்கு வந்து, ஏவன்டேல் பக்கம் குடியேறியவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு மடிக்கிற வேலை. கெட்டிக்காரி. பக்கத்தில் நின்று மடித்த சமோவாப் பெண்களிடம் இங்கிலீஷ் பிடித்துக்கொண்டாள். புருஷனுக்கு முன்னால் கார் லைசென்ஸ் எடுத்தாள். துணிச்சலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் புருஷனின் பெயர் என்று வந்தால் மட்டும் வாய் பூட்டுப் போட்டுக்கொள்ளும். பெண்சாதி வாயால் பேர் வந்தால் புருஷனின் ஆயுள் குறையும் என்று தாய் சொல்லி வளர்த்திருந்தாள். அது அவளுக்கு எலும்புக்குள் இறங்கியிருந்தது.

பேராவது சின்னப் பேரா என்றால், அதுவும் இல்லை. இரத்தினசிங்கம்! இரத்தினமும் சொல்ல முடியாது, சிங்கமும் சொல்ல முடியாது. நகைக்கடையில் மோதிரத்தைக் காட்டி "உந்தச் சிவப்புக் கல்லு" என்பாள். மிருகக்காட்சிச்சாலைக்குப் போன அன்று கூண்டுக்கு முன்னால் நின்று, "அங்க பார் பிள்ளை, பெரிய பூனை" என்றாள். நிரோஜி அவளை ஏற இறங்கப் பார்த்தது. பக்கத்து வீட்டு டோறீன், கணவரை இழந்து தனியாக இருக்கிற நல்ல மனுஷி, வந்த புதிதில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "உன் புருஷன் பெயர் என்ன?" என்று கேட்டதற்கு, யோகராணி உள்ளே ஓடிப்போய் கரண்ட் பில்லை எடுத்துவந்து, அதிலிருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினாள்.

சரி, அந்த மனிதர் எப்படி? இரத்தினசிங்கம் மனுரேவாவில் ஒரு பண்டகசாலையில் கணக்கு வைத்திருப்பவர். இரண்டு ரயில் ஏறிப் போகவேண்டும். நல்ல மனிதர், குடி இல்லை, வெறி இல்லை. சகுனம் பார்க்கிற வருத்தம் ஒன்றுதான் அவருக்கு, மருந்தில்லாத வருத்தம். புறப்படும்போது "எங்கே?" என்று ஆரும் கேட்கக்கூடாது. கேட்டால் திரும்பி வந்து, இருந்து, தண்ணீர் குடித்து, மறுபடி புறப்படுவார். பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது. கூப்பிட்டால் காது கேளாதவர் மாதிரிப் போய்க்கொண்டே இருப்பார். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டுப் போகிற நாட்களில் யோகராணி என்ன செய்வாள் தெரியுமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி, அவரைத் தாண்டி ஓடி, ரயில் நிலையத்து வாசலில் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்குவாள். ஒரு சத்தம் போட்டால் தீர்ந்த வேலை. போடமாட்டாளே!

எண்பத்தாறாம் ஆண்டு, கோடை முடிகிற நேரம். கிளென் ஈடனில் இருந்த சிறில் ஒரு பழைய ஜீப் வாங்கினான். மன்னார்ப் பக்கத்து வேதக்காரன், கத்தோலிக்கன், வெல்டிங் வேலை. இங்கே வருவதற்கு முன் சவூதியில் சில வருஷம் இருந்தவன். பாலைவனத்தில் வண்டி ஓட்டிய கதையைச் சொல்லத் தொடங்கினான் என்றால் தேத்தண்ணி ஆறிப்போகும். "அக்கா, இஞ்சயும் ஒரு பாலைவனம் கிடக்கு. முரிவாய் கடற்கரையால மேல போனா, மைல் கணக்கில கறுப்பு மணல். மரமில்லை, வீடில்லை, ஆளில்லை. ஒருக்காப் போட்டு வருவம்" என்றான். அவனுடைய மனைவி பேர்ணடெட், "ஓம் சிறில், சனிக்கிழமை போவம்" என்றாள். அவள் புருஷனைச் 'சிறில், சிறில்' என்று கூப்பிடும்போதெல்லாம் யோகராணிக்கு உடம்பு கூசும். அவர்கள் வழக்கம் அது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாள்.

சிறில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொன்னான். "எங்கட கடல் மாதிரி இல்லை அண்ணை. அங்க முழங்காலளவு ஏறி இறங்கும். இஞ்ச ஆளை மூடும். தண்ணி வத்தியிருக்கிற நேரம் போய், பெருகிறதுக்குள்ள திரும்பிடவேணும். வெள்ளன வெளிக்கிடுங்கோ." இரத்தினசிங்கமும் சம்மதித்தார். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகுகாலம். அந்த நேரத்தில் ஒரு காரியமும் தொடங்கக்கூடாது என்பதால், அதற்கு முன்னே புறப்படுவது அவருக்கும் வசதிதான்.

சனிக்கிழமை காலை எல்லாரும் ஜீப்பில் ஏறியாயிற்று. யோகராணியின் உழுந்து வடை, பேர்ணடெட்டின் மீன் கட்லட், தண்ணீர்ப் போத்தல், மண்வெட்டி, இரண்டு பலகை. சிறில் சாவியைத் திருப்பினான். அந்த நேரம் பார்த்து டோறீன் பூக்களுக்குத் தண்ணீர் விட்டபடி தலையை நிமிர்த்தினாள்.

"அடேயப்பா, கூட்டமாய்! எங்கே பயணம்?"

அவ்வளவுதான். இரத்தினசிங்கம் கதவைத் திறந்து இறங்கினார். நேரே வீட்டுக்குள் போய்க் கதிரையில் இருந்தார். யோகராணி தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்க மணிக்கூடு ஒன்பதைத் தாண்டிவிட்டது. "இனி ராகு. பத்தரைக்குப் பிறகுதான்" என்றார். சிறில் வாசற்படியில் நின்று தலையில் கை வைத்தான். "அண்ணை, கடல் உங்கட ராகுவைப் பாத்துக்கொண்டிருக்காது!" மனிதர் அசையவில்லை. இதில் ஒரு கூத்து என்னவென்றால், அவர் பார்த்தது யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் வந்த கலண்டர். சூரியன் இங்கே எப்போது உதிக்கிறது, அங்கே எப்போது உதிக்கிறது என்று ராகுவுக்குக் கவலை இருந்ததோ என்னவோ, அவருக்கு இருக்கவில்லை.

பத்தரை கழிந்த பிறகே புறப்பட்டார்கள். டோறீன் அந்த நேரம் உள்ளே போயிருந்தாள். அதுவரை நல்லது.

முரிவாயில் ஜீப் கடற்கரைக்கு இறங்கியதும் யோகராணி எட்டி எட்டிப் பார்த்தாள். இப்படி ஒரு கடற்கரையை அவள் கண்டதில்லை. மணல் அடுப்புக்கரி நிறம். இடது பக்கம் கடல் இரைந்துகொண்டு கிடந்தது, வலது பக்கம் மேடு மேடாக மணல். றோட்டில் போகிற மாதிரி ஈர மணலில் ஜீப் ஓடியது. வழியில் ஒரு ட்ரக்கை நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் கை காட்டினார்கள். இன்னும் மேலே போக, மேட்டுக்குள்ளிருந்து ஒரு ஓடை வந்து கடலில் விழுந்தது. கணுக்காலளவு தண்ணீர். ஜீப் சலசலவென்று தாண்டியது, நிரோஜி கை தட்டியது. தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மேடுகளுக்கு நடுவே ஒரு வாய் மாதிரித் திறந்திருந்தது. சிறில் டயர்களின் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, அதற்குள்ளே விட்டான்.

உள்ளே பாலைவனமேதான். ஒரு புல் இல்லை. காற்று கோடு கோடாக வரைந்து வைத்த மணல். ஜீப் ஒரு மேட்டில் ஏறி மற்றப் பக்கம் விழுகிற மாதிரி இறங்க, பேர்ணடெட் "யேசுவே!" என்று கத்தினாள், யோகராணி "முருகா!" என்று கத்தினாள், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள். இரத்தினசிங்கம்கூடச் சிரித்தார். சாப்பிட்டார்கள், மணலில் சறுக்கினார்கள், நேரம் போனதே தெரியவில்லை. சிறில் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, "காணும், வெளிக்கிடுவம்" என்று நெருக்கினான்.

கடற்கரைக்குத் திரும்புகிற அந்த வாயில்தான் ஜீப் புதைந்தது. சக்கரச் சில்லு சுற்றச் சுற்ற இன்னும் கீழே போயிற்று. மண்வெட்டியால் வெட்டினார்கள், பலகையைக் கொடுத்தார்கள், எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். ஜீப் அம்மிக்கல் மாதிரி இருந்த இடத்திலேயே கிடந்தது. வேர்த்து ஊற்றிக்கொண்டு நிமிர்ந்த சிறிலுக்கு வாய் பொறுக்கவில்லை.

"எல்லாம் உங்கட ராகுவால வந்த வினை! காலமை சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா, இப்ப வீட்டில இருந்து தேத்தண்ணி குடிப்பம்."

இரத்தினசிங்கத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. பெண்சாதி பிள்ளைக்கு முன்னால் ஒருவன் இப்படிச் சொன்னால் ஆருக்குத்தான் ரோஷம் வராது? "அந்தத் தூண்டில்காரரின்ர ட்ரக்கைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று முணுமுணுத்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். காற்சட்டையை மடித்துவிட்டார். விறுவிறென்று கடற்கரைக்கு இறங்கி நடந்தார். "நில்லுங்கோ அண்ணை, தண்ணி பெருகுது" என்று சிறில் சொன்னது அவருடைய முதுகில்தான் பட்டது. சிறில் கையை உதறிவிட்டு, மறுபடி ஜீப்பின் அடியில் தலையைக் கொடுத்து மணலை வாரத் தொடங்கினான்.

யோகராணிக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்து மேட்டில் நாலு காலால் ஏறினாள். உச்சியில் நின்று பார்த்தாள். 

காலையில் கண்ட கடற்கரையைக் காணவில்லை. ஜீப் ஓடிவந்த ஈர மணல் முழுவதும் தண்ணீருக்கடியில் போய்விட்டது. மேட்டின் அடியில் ஒரு ஒற்றையடிப்பாதை அகலத்துக்குத்தான் மணல் மிச்சம். அவர் அதில் குனிந்த தலையோடு போய்க்கொண்டிருந்தார். முன்னால் ஓடை. கணுக்காலளவு ஓடிய அதே ஓடைக்குள் இப்போது கடல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு அலை இறங்கி, ஓடை கொஞ்சம் வடிந்து, நடந்து தாண்டலாம் போல ஏமாற்றிக்கொண்டு கிடந்தது. அவருக்குக் கடல் பக்கம் ஒரு மணல்திட்டு மறைத்தது. மேலே நின்ற இவளுக்கு மறைக்கவில்லை. திட்டுக்கு அப்பால் மதில் மாதிரி ஒன்று எழும்பி வருவதை அவள் கண்டாள். அவருக்கு நீந்தத் தெரியாது.

கூப்பிட வாயைத் திறந்தாள். மூடினாள்.

ஓம், மூடினாள். பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது! பதினான்கு வருஷம் பழகிய வாய், அந்த நேரத்திலும் தன்பாட்டில் மூடிக்கொண்டது. சாப்பாட்டுப் பெட்டியோடு ஓடுகிற மாதிரி ஓடி முன்னால் போய் நிற்கலாமா என்று ஒரு கணம் காலும் துடித்தது. இரண்டு வீட்டு வளவுத் தூரம், முழங்கால் புதைகிற மணல். எங்கே ஓடுவது?

"இஞ்சருங்கோ!"

காற்று அவள் பக்கமிருந்துதான் வீசியது. அவருக்குக் கேட்டது. கழுத்து ஒரு வெட்டு வெட்டியதை அவள் கண்ணால் கண்டாள். ஆனால் மனிதர் திரும்பவில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பக்கூடாதே!

"இஞ்சருங்கோ! நில்லுங்கோ! இஞ்சருங்கோ!"

இன்னும் விரைவாக நடந்தார், விசர் மனிதர். ஒரு கால் ஓடைக்குள் இறங்கியது.

அப்போதுதான் அது நடந்தது. யோகராணி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வந்திருக்காது. அடிவயிற்றிலிருந்து, வாழ்நாளில் ஒரு தரமும் அவளுடைய நாக்கில் பட்டிராத அந்தப் பெயர் வெளியே பாய்ந்தது.

"இரத்தினசிங்கம்! டேய் இரத்தினசிங்கம்!"

'டேய்' எங்கேயிருந்து வந்தது என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது.

அவர் அடி விழுந்தவர் மாதிரி நின்றார். திரும்பினார். வாய் பிளந்தபடி மேட்டு உச்சியைப் பார்த்தார். கடலுக்கு அவர் பயப்படவில்லை, கடல் அவருடைய நினைவிலேயே இல்லை. தன் பெண்சாதிக்குப் பேய் பிடித்துவிட்டதோ என்று நடுங்கிப்போய் நின்றார். ஓடைக்குள் வைத்த காலை எடுத்து, அவள் பக்கம் இரண்டு எட்டு வைத்தார்.

திட்டை உடைத்துக்கொண்டு அலை வந்து ஓடையை நிரப்பியது. சும்மா நிரப்பவில்லை. எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்த ஒரு முழு மரக்குற்றியைப் புரட்டிக்கொண்டு, அவர் சற்று முன் கால் வைத்த இடத்தால் இழுத்துக்கொண்டு போயிற்று. அதன் ஓரம் மட்டும்தான் அவரில் பட்டது. அதற்கே இடுப்பளவு தண்ணீரில் விழுந்து, உருண்டு, மேட்டு மணலை இரண்டு கையாலும் பிறாண்டிப் பிடித்தார். சப்பாத்து இரண்டும் போய்விட்டன. சத்தம் கேட்டு ஓடிவந்த சிறில் அவரைச் சேர்ட்டில் பிடித்து மேலே இழுத்தான்.

மேட்டில் வந்து குந்தியவருக்குப் பல் கிட்டியடித்தது.  பேர்ணடெட் சிலுவை போட்ட கையை இறக்க மறந்து நின்றாள். நிரோஜிதான் முதலில் வாயைத் திறந்தது. "அம்மா, யூ செட் அப்பாஸ் நேம்!"

அவர் மெல்ல நிமிர்ந்தார். "என்னெண்டு கூப்பிட்டனீர்?"

யோகராணி தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். ஒரு தரம், இரண்டு தரம். பேர்ணடெட் கையைப் பிடித்து நிறுத்தும்வரை அடித்தாள். பிறகு அப்படியே மணலில் இருந்துவிட்டாள். புருஷனைக் கடல் விட்டுவிட்டது. ஆனால் அவள் சொல்லிவிட்டாளே! ஆயுளைக் காப்பாற்றுகிறேன் என்று அதே வாயால் ஆயுளைக் குறைத்துவிட்டேனே என்று முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பின்னேரம் காட்டிலாகாக்காரன் ஒருவன் பைன் மரக் காட்டுப் பக்கமிருந்து ட்ரக்கில் வந்தான். கயிறு போட்டு ஜீப்பை இழுத்துவிட்டு, காட்டுப் பாதையால் தானே முன்னால் போய் வழிகாட்டினான். "வரும் இடத்தை வீட்டில் ஆருக்காவது சொல்லிவிட்டு வந்தீர்களா?" என்று கேட்டான். எல்லாரும் இரத்தினசிங்கத்தைப் பார்த்தார்கள். 

ஏவன்டேலில் இறங்கியபோது டோறீன் வேலியடியில் நின்றாள். வெறுங்காலும் உப்புப் பூத்த காற்சட்டையுமாக இறங்கிய மனிதரைக் கண்டு பதறிப்போனாள். "ஐயோ, என்ன நடந்தது? எங்கே போனீர்கள்?"

இரத்தினசிங்கம் நின்றார். முரிவாய், ஓடை, அலை, மரக்குற்றி, எல்லாவற்றையும் தன் கணக்குப்பிள்ளை இங்கிலீஷில் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில் குரல் தணிந்தது. "என் மனைவி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்."

டோறீன் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வராததால், "பிறகு எப்படித்தான் கூப்பிடுவாள், பாவம்?" என்று கேட்டாள்.

டோறீனுக்கு அது அவ்வளவுதான். எங்கள் சனத்துக்கு அப்படி இல்லையே! சிறில் சும்மா ஒரு இடத்தில் சொன்னான். அது மனுரேவாவரை போய்த் திரும்பி வரும்போது 'டேய்' மட்டும் நாலாகியிருந்தது. அலையைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. பூசைக்குக் கூடிய இடத்தில் ஒரு அம்மா, "ஆபத்துக்குப் பாவமில்லைத்தான், ஆனா பேரைச் சொன்னா சொன்னதுதானே பிள்ளை" என்று அனுதாபம் மாதிரிச் சொல்லி ஊசியை ஏற்றிவிட்டுப் போனாள்.

யோகராணி மெலிந்துபோனாள். சனிக்கிழமைகளில் விரதம் பிடித்தாள். அவர் இருமினால் இவளுக்கு முகம் வெளுத்துவிடும். குளிர்காலத்தில் அவருக்குச் சும்மா ஒரு தடிமன் வந்து மூக்கு ஒழுகியதற்கு, சலவைக்கூடத்தில் நின்றபடி விரிப்பை முகத்தில் வைத்து அழுதாள். வாய் மறுபடி இறுகிப் பூட்டிக்கொண்டது. 'இஞ்சருங்கோ'வைக்கூட மெல்லத்தான் சொன்னாள். அவர் சாப்பாட்டுப் பெட்டியை மறந்தால், பழையபடி ஓடிப்போய் ரயில் நிலைய வாசலில் முன்னால் நின்றாள். அவர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஆறுதல் சொல்லத் தெரிந்த மனிதர் இல்லை அவர்.

குளிர் முடிந்து பிளம் மரங்கள் பூத்த ஒரு காலைநேரம். அவர் வேலைக்கு இறங்கிவிட்டார். மேசையைப் பார்த்தால் சாப்பாட்டுப் பெட்டி அப்படியே இருக்கிறது. மறக்க முடியாதபடி நடு மேசையில், அவருடைய தொப்பி இருந்த இடத்துக்குப் பக்கத்தில். யோகராணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து வாசலுக்கு வந்தாள். மனிதர் தூரப் போகவில்லை. வேலிப் படலையைத் திறந்து பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

அவள் சுற்றிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தாள். அவர் படலையை இழுத்து வழியை அடைத்தார். ஆனால் திரும்பவில்லை.

"ரயில் போகப்போகுது. என்ன நிக்கிறியள்?"

"கூப்பிடும்" என்றார்.

"என்னெண்டு?"

"அண்டைக்குக் கடற்கரையில கூப்பிட்ட மாதிரி."

அவள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்னால ஏலாது. ஆயுள் குறைஞ்சுபோகும்."

"என்ர ஆயுள் அண்டைக்கே அந்த ஓடைக்குள்ள முடிஞ்சுதப்பா" என்றார், றோட்டைப் பார்த்தபடியே. "இப்ப ஓடுற ஆயுள் நீர் கூப்பிட்டதால வந்தது."

வேலிக்கு அந்தப் பக்கம் டோறீனின் தண்ணீர்க் குழாய் நின்றுவிட்டது. யோகராணி வாயைத் திறந்தாள். மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திறந்தாள்.

"இரத்தினசிங்கம்" என்றாள், பிள்ளையை எழுப்புகிற குரலில்.

அவர் திரும்பினார். பெட்டியை வாங்கிக்கொண்டார். எந்த ரயிலில் போகிறேன், எங்கே இறங்குவேன், எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவேன் என்று, அவள் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.